மந்தைவெளியில் ஒரு சொமாட்டிக் அசைவு வகுப்பு: பாதி முயற்சிக்கு முழுக் கட்டணம் தகுமா?

சென்னையில் உடற்பயிற்சிக்குப் பணம் கட்டுகிறவர்கள், கட்டிய பணத்துக்கு ஈடாக வியர்வையையாவது எதிர்பார்ப்பது வழக்கம். மந்தைவெளியில் ஒரு பழைய வீட்டின் முதல் மாடியில், வாரம் இரு நாள் காலையில் நடக்கும் சொமாட்டிக் அசைவு (உடம்பை உள்ளிருந்து கவனித்தபடி மெதுவாக அசைக்கப் பழகுவது) வகுப்பில் அது கிடைக்காது. மின்சாரம் போய் மின்விசிறி நின்றால்தான் இங்கே யாருக்கும் வியர்க்கும். சித்திரை வெயிலில் சேர்ந்து மார்கழி வரை சென்றுவந்தவன் என்ற முறையில் என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கற்றுத்தரும் விதம் முதல் தரமானது, இடம் சுமாரானது, வகுப்புக்காக அச்சடித்து விநியோகிக்கும் துண்டறிக்கையோ அந்தக் கற்பித்தலுக்குச் சற்றும் பொருந்தாதது.

ஒரு வகுப்பு 70 நிமிடம் நடக்கிறது. கூடத்தில் கண்ணாடி கிடையாது, இசை கிடையாது. பத்துப் பன்னிரண்டு பேர் பாயை விரித்து மல்லாந்து படுத்துக்கொள்ள, ஆசிரியை ஓர் ஓரமாக முக்காலியில் அமர்ந்து வாய்ச்சொல்லால் மட்டுமே பாடத்தை நடத்திச் செல்கிறார். எந்த அசைவையும் அவர் செய்து காட்டுவதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு இது எரிச்சலூட்டும். பக்கத்துப் பாயில் என்ன நடக்கிறது என்று கழுத்தைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார்கள். பார்த்துச் செய்தால் பார்த்த உருவத்தைப் பிடிக்கத்தான் மனம் ஓடும், தன் உடம்பு என்ன செய்கிறது என்பது கவனத்துக்கு வராது என்று அதற்கு அவர் காரணம் சொல்கிறார். சொல்வதும் வீட்டில் பேசும் தமிழில்தான். “வலது குதிகாலைத் தரையில லேசா அழுத்துங்க. அழுத்தும்போது மூச்சு நிக்குதான்னு மட்டும் பாருங்க.” இப்படி ஒன்றைச் சொல்லிவிட்டு, அடுத்த ஒரு நிமிடம் அவர் வாயே திறக்காமல் இருப்பதும் உண்டு.

இந்தப் பயிற்சிகளுக்கு மூலவர்கள் என்று இருவரைச் சொல்லலாம். இன்றைய உக்ரைனில் பிறந்த மோஷே ஃபெல்டன்கிரைஸ் (1904–1984) பாரிஸில் பொறியியலும் இயற்பியலும் பயின்று, ஃபிரெடெரிக் ஜோலியோ-கியூரியின் ஆய்வகத்தில் பணியாற்றியவர். ஜூடோவில் கறுப்புப் பட்டை பெற்றவர். கால்பந்தாட்டத்தில் அடிபட்டிருந்த அவருடைய முழங்கால், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படைத் துறைக்காக ஸ்காட்லாந்தில் வேலை செய்தபோது மீண்டும் மோசமானது. அறுவைச் சிகிச்சை பலிக்கும் என்று மருத்துவர்களால் உறுதி சொல்ல முடியாததால், தாம் நடக்கும் விதத்தையே அணு அணுவாகக் கவனித்து மாற்றிக்கொள்ள முற்பட்டார். பின்னாளில் டெல் அவிவ் நகரின் அலெக்ஸாண்டர் யானாய் தெருவில் அவர் நடத்திய வகுப்புகளின் பாடங்கள் 500-க்கும் மேல் இன்றும் கைக்குக் கைமாறிக்கொண்டிருக்கின்றன. முதுகுவலியோடு அவரிடம் வந்த இஸ்ரேல் பிரதமர் டேவிட் பென்-குரியன், எழுபது வயதைத் தாண்டிய பிறகு கடற்கரை மணலில் தலைகீழாக நின்ற புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. நம் ஊரில் சிரசாசனம் செய்யும் தாத்தாக்களுக்கு யாரும் அப்படிப் படம் எடுத்துப் போடுவதில்லை என்பது வேறு விஷயம்.

இரண்டாமவர் அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் தாமஸ் ஹன்னா (1928–1990). 1970-களில் ஃபெல்டன்கிரைஸிடம் பயின்ற இவர்தான் 1976-இல் ‘சொமாட்டிக்ஸ்’ என்ற பெயரை வழக்குக்குக் கொண்டுவந்தார். நாள்பட்ட இறுக்கத்தில் பெரும்பகுதி தசையில் ஏற்பட்ட பழுதன்று, அந்தத் தசையைத் தளர விடும் திறனை மூளை மறந்துபோனதே என்பது ஹன்னாவின் அடிப்படைக் கருத்து. இதற்கு அவர் உணர்-இயக்க மறதி என்று பெயர் வைத்தார். மந்தைவெளி வகுப்பில் பாடங்களின் கட்டமைப்பு ஃபெல்டன்கிரைஸுடையது. இடையிடையே வரும், இறுக்கி மெல்லத் தளர்த்தும் பயிற்சிகள் ஹன்னாவின் வழியில் வந்தவை. இரண்டையும் கலப்பதை மரபுக்காரர்கள் விரும்ப மாட்டார்கள் என்று கேள்வி. கற்றுக்கொள்ள வந்தவனுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

பாடம் எப்படி இருக்கும் என்பதற்கு இடுப்புக் கடிகாரத்தைச் சொல்வதே பொருத்தம். முழங்கால்களை மடித்துப் பாதங்களைத் தரையில் ஊன்றிப் படுத்த நிலையில், இடுப்பெலும்புக்கு அடியில் ஒரு கடிகாரம் கிடப்பதாக எண்ணிக்கொள்ள வேண்டும். கீழ்முதுகை ஒட்டிய மேல்பக்கம் பன்னிரண்டு, வால் எலும்பின் பக்கம் ஆறு, இரு பக்கங்களிலும் மூன்றும் ஒன்பதும். எடையைப் பன்னிரண்டை நோக்கி உருட்டினால் கீழ்முதுகு தரையில் படிகிறது. ஆறை நோக்கி உருட்டினால் முதுகு லேசாக வளைந்து தரையை விட்டு எழும்புகிறது. இந்த ஒரே அசைவைப் பத்து நிமிடம் செய்ய வைக்கிறார். முதலில் வயிற்றை எக்கி, பாதத்தால் உந்தி, வேண்டிய அளவுக்கு மேல் செய்கிறோம். “பாதியாக் குறைச்சுக்கோங்க” என்கிறார். குறைக்கிறோம். “அதுலயும் பாதி” என்கிறார். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு நாம் தூங்குவதாகத் தோன்றும் அளவுக்கு அசைவு சிறுத்த பிறகுதான், தாடை கடித்தபடி இருப்பதும், கால்விரல்கள் பாயைக் கவ்விக்கொண்டிருப்பதும், ஆறுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் மூச்சு ஒரு கணம் தடைபடுவதும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியவருகின்றன.

பிறகு மூன்றுக்கும் ஒன்பதுக்கும் போய்விட்டு, கடைசியில் எண் எண்ணாக வட்டம் சுற்ற வேண்டும். அங்கேதான் வேடிக்கை. எனக்கு ஏழிலிருந்து ஒன்பதுக்கு இடுப்பு உருளாமல் தாவிவிடும். எட்டு என்ற எண் என் கடிகாரத்தில் இல்லவே இல்லை. மறுபக்கத்தில் நான்கும் ஐந்தும் ஒழுங்காக வந்தன. தாவும் இடத்தை மறுபடி மறுபடி அழுத்திச் சரிசெய்யத்தான் எவருக்கும் கை பரபரக்கும். ஆசிரியை அதைச் செய்யவிடுவதில்லை. “தாண்டுற இடத்தோட மல்லுக்கட்டாதீங்க. அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே நின்னு திரும்பி வாங்க. வலது பக்கம் எப்படி உருளுதுன்னு இடது பக்கத்துக்குச் சொல்லிக் கொடுங்க” என்றார். முடிந்ததும் கால்களை நீட்டிப் படுத்து, உடம்பு எங்கெங்கே தரையைத் தொடுகிறது என்று கவனிக்கச் சொல்வார்கள். தொடங்கும்போது கை நுழையும் அளவுக்கு எழும்பியிருந்த கீழ்முதுகு, இப்போது யாரும் அழுத்தாமலே தரைக்கு இறங்கியிருக்கும். எழுந்து நின்றால் உடல் எடை பாதத்தின் முன்பகுதியிலிருந்து குதிகாலுக்கு நகர்ந்திருப்பது தெளிவாகத் தெரிகிறது. தொடக்கத்தில் இந்த மாற்றம் அன்று மதியம் வரைகூடத் தாங்கவில்லை. சில மாதங்களுக்குப் பிறகு, நாற்காலியில் இருக்கும்போதே கீழ்முதுகு இறுகத் தொடங்குவது தெரிந்து, எழாமலே அதைத் தளர்த்திக்கொள்ளும் அளவுக்கு வந்திருக்கிறது. எனக்குக் கிடைத்த பலன் இவ்வளவே. இது சிறிதென்று நான் எண்ணவில்லை.

அசைவை ஏன் இப்படிக் குறைத்துக்கொண்டே போக வேண்டும் என்பதற்கு ஃபெல்டன்கிரைஸ் காட்டிய ஆதாரம், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானிய உடலியலாளர் எர்ன்ஸ்ட் வேபரின் கண்டுபிடிப்பு. சுமை கூடக் கூட, அதில் ஏற்படும் சிறு வேறுபாட்டை உணரும் திறன் குறைகிறது என்பதே அது. 25 கிலோ அரிசி மூட்டையைத் தோளில் வைத்திருக்கும் ஆளுக்கு, அதன்மேல் ஒரு பிடி அரிசியைப் போட்டாலும் தெரியப்போவதில்லை. வெறும் உள்ளங்கையில் அதே ஒரு பிடியை வைத்தால் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். தசைகள் முழு முறுக்கத்தில் இருக்கும்போது வேண்டாத முயற்சி எங்கே ஒளிந்திருக்கிறது என்பது மூளைக்குத் தெரிவதற்கு வழியில்லை. முயற்சியைக் குறைத்தால்தான் அது வெளிப்படும். வலிக்க வலிக்க இழுத்தால்தான் பலன் என்று பள்ளி விளையாட்டு மைதானத்திலிருந்து உடற்பயிற்சிக் கூடம் வரை கேட்டு வளர்ந்தவர்களுக்கு, இந்த வகுப்பில் மாற்றிக்கொள்ள மிகக் கடினமான பழக்கம் இதுதான்.

ஹன்னா வழிப் பயிற்சிகளில் எனக்கு மிகவும் உதவியது தோள்பட்டைக்கானது. தூங்கி எழுந்ததும் நாயும் பூனையும் நாமும் சோம்பல் முறிக்கிறோமே, அந்த இயல்பான அசைவைத் திட்டமிட்டுப் பயன்படுத்துவதே இதன் அடிப்படை. இறுகியிருக்கும் தசையை இழுத்து நீட்டுவதற்கு மாறாக, அது ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் திசையிலேயே இன்னும் சற்று இறுக்கி, பின்பு மிக மெதுவாக விட வேண்டும். ஒருக்களித்துப் படுத்து, மேலுள்ள தோளைக் காது நோக்கி லேசாக உயர்த்தி, பத்து எண்ணும் நேரத்தில் இறக்கச் சொல்வார். உயர்த்துவது எளிது. இறக்கும்போதுதான் தசை படிக்கட்டில் இறங்குவதுபோல் விட்டுவிட்டு இறங்குவதும், நடுவில் நடுங்குவதும் தெரிகிறது. அந்த நடுக்கம் அடங்கி ஒரே சீராக இறங்கத் தொடங்கும் வரை, மூன்று நான்கு முறைக்கு மேல் போகாமல் திரும்பச் செய்ய வேண்டும். இரு சக்கர வாகனத்தில் பழைய மகாபலிபுரம் சாலையில் அன்றாடம் அலுவலகம் போய்வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: வேகத்தடையைக் கண்டதும் தோள்கள் காதை நோக்கி ஏறுவதும், தடையைத் தாண்டிய பிறகும் இறங்க மறப்பதும் இந்தப் பயிற்சிக்குப் பிறகு உங்களுக்கே தெரியவரும். கைப்பிடியை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்பதும் கூடவே தெரியும்.

ஆசிரியையின் திறமை முழுவதும் வெளிப்படுவது ஆட்களைக் கையாளுவதில். வகுப்பில் மென்பொருள் நிறுவனப் பணியாளர்கள், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், பரதநாட்டியம் ஆடும் பெண் ஒருவர், அருகிலிருந்து நடந்தே வரும் எழுபது வயது மாமி ஒருவர் எனக் கலவையான கூட்டம். வங்கி அதிகாரி எதையும் முழு மூச்சாகச் செய்கிறவர். “சார், இங்க பரிசு எதுவும் கிடையாது. பாதி தூரம் போதும்” என்று அவரிடம் வாரா வாரம் சொல்ல வேண்டியிருக்கிறது, அவரும் வாரா வாரம் சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறார். படுத்த நிலையிலிருந்து புரண்டு கையூன்றாமல் உட்காரும் பாடத்தில், முப்பது வயதுக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகியபோது மாமி ஒரே சுழற்சியில் எழுந்து உட்கார்ந்தார். “எப்படி மாமி?” என்று கேட்டதற்கு, “கோலம் போட உட்கார்ந்து எழுந்திருக்கலையா? இது என்ன பெரிய வித்தையா?” என்றார். ஆசிரியை அந்த இடத்திலேயே பாடத்தை நிறுத்தி, மாமியின் தலை எந்தப் பக்கம் முதலில் போகிறது என்று எல்லாரையும் கவனிக்க வைத்தார். செய்து காட்டுவதில்லை என்ற தம் விதியை அவர் மீறி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். நாட்டியப் பெண்ணிடம் அவர் வேறு விதமாகப் பேசுவார். அரைமண்டியில் தொடைகளைத் திருப்பும் பழக்கம் ஊறியவருக்கு, கால்கள் திரும்பாமல் இயல்பாகக் கிடக்கும் நிலையே அந்நியமாக இருந்தது. “ஆடும்போது திருப்புங்க, அது வேலை. படுக்கும்போதும் எதுக்குத் திருப்பி வெச்சிருக்கீங்க?” என்று கேட்டார்.

இது யோகாவிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்ற கேள்வி சென்னையில் எழாமல் இருக்காது, அதுவும் மந்தைவெளியில். 1976-இல் யோகா ஆசிரியர் தேசிகாச்சார் தம் தந்தை கிருஷ்ணமாச்சாரியாரின் பெயரில் நிறுவிய யோக மந்திரம் இதே பகுதியில்தான் இருக்கிறது. ஆளுக்கேற்பப் பயிற்சியை மாற்றுவதையும், அசைவை மூச்சோடு இணைத்து மெதுவாகச் செய்வதையும் அந்த வழியில் வந்தவர்கள் பல காலமாகக் கற்றுத்தருகிறார்கள். ஆகவே மெதுவாகச் செய்வதை ஏதோ மேலைநாட்டிலிருந்து வந்த புதுமையாகக் கருத வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்த வேறுபாடு வேறொன்று. ஆசனத்துக்கு ஒரு பெயரும் வடிவமும் உண்டு; எவ்வளவு தளர்த்திக் கொடுத்தாலும் அந்த வடிவம் முன்னால் நிற்கிறது. இங்கே சென்று சேர வேண்டிய வடிவம் என்று ஒன்று வைக்கப்படவில்லை. ஒரே அசைவை மூன்று நான்கு விதமாகச் செய்து பார்த்து, எதில் முயற்சி குறைவு என்பதை அவரவரே கண்டுகொள்ள விடுகிறார்கள். யோகாவில் தேர்ந்தவர்கள் இதை ஏளனமாகப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை, யோகாவை விட்டுவிட்டு இதற்கு வர வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் மூச்சுவாங்கும் அளவுக்கான உழைப்போ தசை வலிமையோ இதில் கிடைக்காது என்பதால், நடைப்பயிற்சியையோ எடைப் பயிற்சியையோ இதற்காகக் கைவிடுவது கூடாது.

இனி அந்தத் துண்டறிக்கை. முதுகுவலி, தூக்கமின்மை, செரிமானக் கோளாறு, மன அழுத்தம், உடம்பில் ‘சேமிக்கப்பட்ட’ பழைய அதிர்ச்சிகள் என்று எல்லாவற்றுக்கும் தீர்வு தருவதாக அதில் அடுக்கியிருக்கிறார்கள். வகுப்புக்குள் ஒரு நாளும் ஆசிரியை இப்படிப் பேசுவதில்லை. அச்சடித்தவர்கள் வேறு யாரோ என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது. இந்தத் துறையில் உள்ள ஆதாரங்கள் அடக்கமானவை. நாட்பட்ட முதுகுவலிக்கு அலெக்ஸாண்டர் முறைப் பாடங்கள் உதவுவதாக, 579 நோயாளிகளைக் கொண்டு பிரிட்டனில் நடந்த ஆய்வு 2008-இல் வெளியானது. ஆனால் அது டாஸ்மேனியாவில் பிறந்த மேடை நடிகர் எஃப்.எம். அலெக்ஸாண்டர் வகுத்த, ஆசிரியர் ஒருவருக்கு ஒருவராகத் தொட்டுக் கற்பிக்கும் வேறொரு முறை. அதன் பெருமையை இந்தக் குழு வகுப்பின் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது. ஃபெல்டன்கிரைஸ் முறையை ஆஸ்திரேலிய அரசு 2015-இல் வெளியிட்ட மதிப்பாய்வு ஆராய்ந்தபோது, பலன் தருகிறது என்பதற்குத் தெளிவான சான்று இல்லை என்று முடிவு செய்தது. அதன் தொடர்ச்சியாக 2019 ஏப்ரல் முதல் அந்நாட்டில் தனியார் மருத்துவக் காப்பீட்டில் இதற்கான சலுகை நிறுத்தப்பட்டது. அப்படிச் சலுகை இழந்தவற்றின் பட்டியலில் யோகாவும் பிலாட்டிஸ் உடற்பயிற்சியும் இருந்தன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தெளிவான சான்று இல்லை என்பதற்குப் பயனில்லை என்று பொருளாகாது. ஆனால் தீர்வு என்று அச்சடிக்க அது இடம் கொடுக்காது. கற்றுக்கொள்ளும் வகுப்பாக இதை விளம்பரப்படுத்தினாலே போதுமான ஆட்கள் வருவார்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு குறை, சேர்க்கைப் படிவம். பெயர், கைபேசி எண், எந்தக் கிழமை வசதி என்று கேட்கிறார்களே தவிர, அண்மையில் அறுவைச் சிகிச்சை நடந்ததா, எலும்புத் தேய்மானமோ தலைசுற்றலோ உண்டா, கர்ப்பமா என்று ஒரு வரிகூட இல்லை. ஆசிரியை முதல் நாள் வாய்வழியாகக் கேட்கிறார் என்பது உண்மை. ஆனால் பத்துப் பேர் முன்னிலையில் எல்லாரும் எல்லாவற்றையும் சொல்லிவிட மாட்டார்கள். காலில் மரத்துப்போதலோ வலுவிழப்போ உள்ளவர்கள், எலும்பு முறிவிலிருந்து தேறிவருகிறவர்கள் மருத்துவரையும் பிசியோதெரபிஸ்ட்டையும் பார்த்துவிட்டு வருவதே சரி. தமக்குத் தெரிந்த எல்லையைத் தாண்டும்போது ஆசிரியையே அப்படி அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். ‘சொமாட்டிக்’ என்ற பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம் என்பதால், வேறு வகுப்பைத் தேடுகிறவர்கள் பயிற்சி எங்கே, எவ்வளவு காலம் என்று கட்டாயம் கேட்க வேண்டும். ஃபெல்டன்கிரைஸ் ஆசிரியர் பயிற்சி பல ஆண்டுகளுக்கு நீளும் ஒன்று. வார இறுதி ஒன்றில் சான்றிதழ் வாங்கியவரிடம் இடுப்புக் கடிகாரம் வெறும் இடுப்பாட்டமாகிவிடும். இவர் கேட்டதும் தயங்காமல் விவரம் சொன்னார்.

கூடத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மொசைக் தரை, சுத்தமாக இருக்கிறது. ஜன்னல்களுக்குக் கொசுவலை போட்டிருக்கிறார்கள். பேருந்து ஒலிப்பானும் மெட்ரோ பணியின் இரைச்சலும் ஏழு மணிக்கு மேல் தொடங்கிவிடுகின்றன. ஆசிரியை குரலை உயர்த்தாமலே பேசுவதால் பின்வரிசையில் படுத்தால் பாதி கேட்காது. முன்வரிசையைப் பிடிக்க ஐந்து நிமிடம் முன்னதாகப் போவது நல்லது. மாடிப்படி குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கிறது, கைப்பிடி ஒரு பக்கம் மட்டுமே. முழங்கால் வலிக்காரர்களை அதிகம் ஈர்க்கும் ஒரு வகுப்புக்கு இது பெரிய குறை. கார் நிறுத்த இடமில்லை.

மாதக் கட்டணம் 2,800 ரூபாய். ஒரே ஒரு வகுப்புக்கு மட்டும் வந்தால் 450 ரூபாய். இதே வட்டாரத்து யோகா வகுப்புகளைவிடக் கூடுதல்தான் என்றாலும், குரல் பதிவுகள் இதில் அடங்கும். வகுப்பில் நடந்த பாடத்தின் 35 நிமிடச் சுருக்கத்தை அன்று மாலையே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். எனக்குக் கட்டணத்தில் பாதி இதற்கே தகும். பொறுமை இல்லாதவர்களும், எடை குறைக்க வழி தேடுகிறவர்களும் இங்கே பணத்தை வீணாக்க வேண்டாம். நாள் முழுதும் திரைமுன் உட்காருகிறவர்கள், கடுமையான பயிற்சிகளில் அடிபட்டு ஒதுங்கியவர்கள், ஆடுகிறவர்கள், பாடுகிறவர்கள் ஒரு மாதமாவது வந்து பார்க்கலாம். முதல் வகுப்புக்குக் கட்டணம் வாங்குவதில்லை. பாய் அங்கேயே தருகிறார்கள். தலைக்கு வைக்க மடித்த துண்டு ஒன்று கொண்டு போங்கள், பின்பக்கம் பை வைத்த ஜீன்ஸ் அணிந்து போகாதீர்கள்.